ஏற்றத்துக்கு ஒரு பம்ப்

ஜெயசீலியின் ஜீப் பாதி ஏற்றத்தில் இரண்டு தரம் இருமியது, நின்றது, பின்னால் உருளத் தொடங்கியது.

இது நடந்தது 2006 டிசம்பரில், வண்டலூருக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பழைய ஜீப் வைத்திருக்கிற இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டி ஏற்றுவார்கள். இருபதில் ஒரே பெண் அவள். என்ஜின் நின்றால் பிரேக்குக்கு அது கொடுக்கும் பலமும் போய்விடும். மிதி கல்லாக இறுகிவிடும். இரண்டு காலையும் ஊன்றி மிதித்தும் வண்டி பதினைந்து அடி கீழே வந்து ஒரு பாறையில் இடித்துத்தான் நின்றது. அவளுக்கு அடி இல்லை. பின்பக்கத் தகடு நசுங்கியதோடு போயிற்று.

ஓடி வந்தவர்களில் முதல் ஆள் ஸ்ரீரங்கன். குழுவை நடத்துகிறவர் அவர்தான். வேலை, ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி.

"மேடம், இனிமே நீங்க ஸ்டியரிங்ல உக்காரணும்னா ஒரு டெஸ்ட் இருக்கு. இதே ஏத்தத்துல பாதியில நிறுத்தணும். வண்டி மூக்கு மேல பார்த்து, ஆக்ஸிலரேட்டரத் தொடாம ஒரு நிமிஷம் ஐட்லிங். ஆஃப் ஆச்சுன்னா பக்கத்து சீட்டுதான்."

"பக்கத்து சீட்ல உக்காந்து என்ன சார் பண்றது?"

"வழி சொல்லலாம்."

"வூட்டுக்கு வழி" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெயசீலியும் சிரித்தாள். "எப்போ சார் டெஸ்ட்?" என்று கேட்டாள்.

"மார்ச் கடைசி ஞாயிறு."

ஜெயசீலிக்கு முப்பத்தெட்டு வயது. தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை அளந்து கண்ணாடிக்கு எண் எழுதும் வேலை. நாள் முழுக்க ஒரு கண்ணாடிச் சில்லை மாட்டி, எடுத்து, இன்னொன்றை மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பவள். எதையும் அளக்காமல் நம்ப மாட்டாள். ஊரப்பாக்கத்தில் அவள் குடியிருக்கும் ஃபிளாட்டில் அவள்தான் சங்கத்துச் செயலாளர். அங்கே எந்தச் சாமான் வாங்கினாலும் கையில் வாட்ச்சோடு கிளம்புகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

வண்டி ஏன் நின்றது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. பழைய ஜீப்பில் கார்புரேட்டர். அதற்குள் ஒரு சின்னத் தொட்டி உண்டு. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து எழும்பி வால்வை மூடுகிறதல்லவா, அதே ஏற்பாடுதான் கார்புரேட்டருக்குள்ளும், பெட்ரோலுக்காக. சமதரையில் அது தங்கமாக வேலை செய்யும். வண்டி செங்குத்தாக நிமிரும்போது தொட்டியும் சாய்ந்துவிடும். பந்துக்கு எது நிறைவு, எது குறைவு என்று தெரியாது. ஒன்று பெட்ரோல் வழிந்து என்ஜினை மூழ்கடிக்கும், இல்லையென்றால் என்ஜின் வாய் வறண்டுபோகும்.

இன்ஜெக்‌ஷனில் அந்தத் தொட்டியும் கிடையாது, பந்தும் கிடையாது. புதுக் கார்களில் வருகிற அந்த ஏற்பாட்டில், குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு தயாராக நிற்கும். நான்கு சின்ன ஊசிமுனைகள், ஒரு மின்பெட்டி சொல்லுகிற நேரத்துக்குத் திறந்து மூடிப் பீய்ச்சும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஊசிமுனைக்குக் கவலை இல்லை.

"அப்போ அதையே மாட்டிடுவோம்" என்றாள் சவுரிமுத்துவிடம்.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் ஜீப் பட்டறை வைத்திருப்பவன் சவுரிமுத்து. அவளைவிட நாலைந்து வயது சின்னவன். என்ஜினைக் காதால் பார்ப்பவன். மின்பெட்டி என்றால் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் உதறல்.

"யக்கா, அது கார்க்காரன் சமாச்சாரம். பேஜாரு."

"கத்துக்கலாம் சவுரி. நானும் கூட இருக்கேன்."

"நீ கீறதுதான்கா பேஜாரே" என்றான் அவன். ஆனால் மறுநாளே அவளோடு புதுப்பேட்டைப் பழைய கார்ச் சாமான் கடைகளுக்கு வந்தான்.

விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து ஊசிமுனைகள், மின்பெட்டி, ஒயர்கட்டு எல்லாம் முழுசாகக் கிடைத்தன. என்ஜின் அளவும் கிட்டத்தட்ட ஜீப்பினுடையதே. ஒன்று மட்டும் இல்லை. அந்தக் காரின் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளே இருந்தது; விபத்தில் டேங்கோடு சேர்ந்து அதுவும் சப்பையாகிவிட்டது.

ஆக, பம்ப் ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும். அது லேசான வேலை என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

மார்ச் முதல் சனிக்கிழமை பட்டறை வாசலில் வேப்பமர நிழலில் பரீட்சை நடந்தது. பக்கத்தில் ஒரு வாளி மணல். சவுரிமுத்துவின் பீடிக்கட்டு தெருமுனை டீக்கடையில் அடைக்கலம். மேஜைமேல் இரண்டு பம்ப். ஒன்று புத்தம் புதுசு. கார்புரேட்டர் வண்டிக்கென்று விற்கும் மின்சார பம்ப், பளபளவென்று இருந்தது. மற்றது ஒரு பழைய இன்ஜெக்‌ஷன் காரினுடையது. ஓட்டைச் சைலன்சர் மாதிரி கறுத்துக் கிடந்தது. ஜெயசீலி பம்புக்குப் பேட்டரி இணைப்பைக் கொடுத்து, அளவுக்குவளையைப் பிடித்து, செல்போன் கடிகாரத்தைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லி அவனிடமே கொடுத்துவிட்டாள்.

புதுசு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஊற்றியது. பழசு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு.

"இதுல இன்னாக்கா யோசன? புச்சு!"

அவளுக்கும் யோசனை இல்லை. போன வெயிலில் ஃபிளாட்டுக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கியபோதும் இப்படித்தான். ஊரப்பாக்கத்தில் மோட்டார் வாங்குகிறவர்கள் கடை வாசலில் பக்கெட்டை வைத்து, எத்தனை வினாடியில் நிறைகிறது என்று எண்ணித்தான் வாங்குவார்கள். சீக்கிரம் நிறைந்தால் நல்ல மோட்டார். அப்படி வாங்கிய மோட்டார் ஒரு வருஷமாகப் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கெட் பொய் சொல்லாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருடைய நம்பிக்கை.

புதுசை மாட்டினார்கள். சாவியைத் திருப்பினாள். என்ஜின் நாலு தரம் முனகி அடங்கியது. மறுபடி திருப்பினாள். மறுபடி முனகல்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் வீணாய்ப் போயிற்று. சவுரிமுத்துவுக்கு மின்பெட்டி மேல்தான் சந்தேகம். அவள் மருத்துவமனையிலிருந்து சாயங்காலம் நேரே பட்டறைக்கு வந்து ஒயர்கட்டை ஒவ்வொரு முனையாகச் சரிபார்த்தாள். ஊசிமுனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பிளக்கை மாற்றினார்கள். பம்பை மட்டும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் இரண்டு லிட்டர் ஊற்றுகிறதே!

"பழய கார்புரேட்டரையே மாட்டிக்கலாம்கா" என்றான் வியாழக்கிழமை. "கண்ண மூடிகினு ஸ்டார்ட் ஆவும்."

"ஏத்தத்துல கண்ண மூடிக்கும். வேணாம்."

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் ஏற்றும் முறை அவள் வீட்டுக்கு. கீழே இறங்கிப் போய் மோட்டார் அறையைத் திறந்தாள். அங்கே இரண்டு மோட்டார். ஒன்று, அவள் வாங்கியது. கிணற்றிலிருந்து பக்கத்துத் தரைத்தொட்டிக்கு இறைக்கும். இன்னொன்று, கட்டடம் கட்டும்போதே வைத்தது. தரைத்தொட்டியிலிருந்து மொட்டைமாடிக்கு ஏற்றும். சுவிட்சைத் தட்டிவிட்டு நின்றவள், சும்மா குனிந்து இரண்டின் தகடுகளையும் படித்தாள். அச்சடித்த எதையும் படித்துவிடுவது அவள் தொழில் பழக்கம்.

ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு எண்கள் இருந்தன. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஒன்று. இத்தனை மீட்டர் உயரம் என்று ஒன்று. அவள் வாங்கியதில் லிட்டர் அதிகம், உயரம் குறைவு. பழைய மோட்டாரில் லிட்டர் பாதிகூட இல்லை, உயரம் மூன்று மடங்கு.

அவள் கிணற்று மோட்டாரைப் பார்த்தாள். இதைப் போய் மொட்டைமாடிக்குப் போட்டால்? சுற்றும், உறுமும், குழாயில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறி அப்படியே நிற்கும். மேலே ஒரு சொட்டு விழாது. பக்கெட்டில் ஊற்றும்போது அதை எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. எதிர்ப்பே இல்லாத இடத்தில் எவனும் பயில்வான்தான்.

மேலே தொட்டி வழிந்து, மூன்றாம் மாடி ஞானசௌந்தரி பால்கனியிலிருந்து, "செக்ரட்டரி மேடம்! ரூல் போட்டவங்களே தண்ணிய வேஸ்ட் பண்றீங்க!" என்று கத்தும் வரை ஜெயசீலி அங்கேயே நின்றாள்.

பட்டறைக்குப் போய், "நம்ம புத்திய என்ன சொல்றது சவுரி. தூரம் பாக்க வேண்டிய லாரி டிரைவருக்குக் கிட்டத்துல பேப்பரக் காட்டிக் கண்ணாடி எழுதிட்டேன்" என்றாள்.

"புரியலக்கா."

"பக்கத்து டயர் கடைல ப்ரெஷர் மீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

பம்பின் வாயில் ரப்பர் குழாய், அதில் மீட்டர், அதற்கப்பால் குழாயை நெரிக்க ஒரு திருகு. திருகு திறந்திருந்தபோது புதுப் பம்ப் பழையபடி இரண்டு லிட்டர் ஊற்றியது. அவள் மெல்ல மெல்லத் திருகினாள். பெட்ரோல் சொட்டாகி நின்றுவிட்டது. மீட்டர் முள் ஐந்து பவுண்டில் நின்றது. பம்ப் மட்டும் உள்ளுக்குள் ரீங்காரம் போட்டது.

"அவ்ளோதான் இதோட பலம். ஜீப் டயருக்கு எவ்ளோ காத்து வைப்பீங்க?"

"முப்பது பவுண்டு."

"ஊசிமுனைக்கு நாப்பத்திமூணு வேணும். தண்ணியாக் கணக்குப் போட்டா அது முப்பது மீட்டர், பத்து மாடி. நம்ம புச்சு முதல் மாடியில மூச்சு வாங்குது."

சவுரிமுத்து முள்ளைக் குனிந்து பார்த்தான். பிறகு பளபளக்கும் பம்பைப் பார்த்து, "பாக்க ஹீரோ மாரி கீற, த்தூ!" என்றான். கையோடு அந்தக் கறுத்த பம்பைக் கொண்டுவந்து அதற்கும் முள்ளைக் காட்டினான். அது நாற்பத்துமூன்றை ஒரே மூச்சில் தொட்டது. இருவரும் கைதட்டப் போகும்போது முள் இறங்க ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் முப்பது; தொட்டுப் பார்த்தால் பம்ப் சுட்டது. உள்ளே தேய்ந்துபோயிருந்தது.

டெஸ்ட்டுக்கு முன்னால் இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருந்தது.

மறுநாள் புதுப்பேட்டைக்கு அவர்கள் பேட்டரி, மீட்டர், திருகு, குவளை, ஒரு கேன் பெட்ரோல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனார்கள். கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

"இன்னாமா, பம்புக்கு ப்ரெஷர் பாக்க வந்துகீறியா? சுகர் டெஸ்ட்டும் உண்டா?"

"நல்லா இருந்தா இன்னைக்கே கூட்டிட்டுப் போறோம் அண்ணா. பத்து நிமிஷம் ஓட விடுங்க."

"பத்து நிமிஷமா? கண்ணாலத்துக்கே பொண்ண அஞ்சு நிமிஷம்தாம்மா பாக்கறாங்க!"

"அதான் சொல்லிகினே கீறேன், இவங்களாண்ட வாய் குடுக்காதபா" என்றான் சவுரிமுத்து.

இரண்டு பம்புகள் பத்து நிமிடமும் நாற்பத்துமூன்று பவுண்டைத் தாங்கின. ஒன்று பெரிய வெளிநாட்டுக் காரினுடையது, முழங்கை நீளம். அந்த அழுத்தத்திலேயே நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் தள்ளியது. மற்றது சாதாரணக் காரினுடையது. ஒன்றேகால் லிட்டர்.

சவுரிமுத்து பெரியதைக் கையிலிருந்து கீழே வைக்க மறுத்தான். "யக்கா, இந்த வாட்டி பக்கெட்டும் சொல்து, மீட்டரும் சொல்து. இத்த எடு."

ஜெயசீலிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைவாசல் டயர்மேல் உட்கார்ந்து ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஜீப் என்ஜின் முழு மூச்சில் ஓடினால்கூட நிமிடத்துக்கு அரை லிட்டர் குடிக்காது.

"மிச்சம் மூணு லிட்டர் எங்க போகும் சவுரி?"

"ரிட்டன் பைப்புல டேங்குக்கே பூடும்."

"போறப்ப எது வழியா போகும்? கொதிக்கிற என்ஜினச் சுத்திட்டுப் போகும். நிமிஷத்துக்கு மூணு லிட்டர் சூடேறி டேங்குல விழும். ஏப்ரல் மாசம், கால் டேங்க் பெட்ரோல். ஒரு மணி நேரத்துல டேங்க் வெந்நீர் அண்டா ஆயிடும். சூடான பெட்ரோல் ஆவியாகும். பம்ப் தள்ள வேண்டியது பெட்ரோல், ஆவி இல்ல. அதுபோக இது பேட்டரிய உறிஞ்சற உறிஞ்சலுக்கு, பேட்டரிய சார்ஜ் பண்ற நம்ம பழைய ஆல்டர்னேட்டர் தாங்காது."

"அப்போ சின்னதா?"

"சின்னது இல்ல. நமக்கு வேணுங்கறதுல ரெண்டரை மடங்கு. போதும்."

அவன் பெரிய பம்பைத் தட்டில் திருப்பி வைத்தபோது குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் விடுகிறவன் மாதிரி இருந்தான்.

மாட்டுவதிலும் அவள் விடாப்பிடியாக இருந்தாள். இந்த மாதிரி பம்புக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்சத் தெரியாது. அதனால் டேங்குக்குக் கீழே, பெட்ரோல் தானாக இறங்கி வந்து அதன் வாயில் நிற்கும்படி வைத்தார்கள். வண்டி நிமிரும்போது டேங்கில் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஓடிவிடும். அந்த நேரத்துக்கென்று டேங்குக்கும் பம்புக்கும் நடுவே அரை லிட்டர் பிடிக்கும் ஒரு சின்னக் குடுவையைச் சவுரிமுத்து தகட்டில் அடித்து வைத்தான். என்ஜினில் மிஞ்சித் திரும்பும் பெட்ரோலும் முதலில் அதில்தான் விழும். கல் அடிக்காமல் கீழே ஒரு கவசம்.

டெஸ்ட்டுக்கு முந்தைய புதன்கிழமை சாவியைத் திருப்பினாள். என்ஜின் முதல் சுற்றிலேயே எழுந்தது. சவுரிமுத்து கொட்டகைக் கூரை அதிர ஒரு விசில் அடித்தான்.

விசில் அடங்குமுன் அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். விளக்குகளைப் போட்டாள். முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டி வைத்திருந்த ப்ரெஷர் மீட்டரில் முள் நாற்பத்துமூன்றிலிருந்து முப்பத்துநான்குக்கு இறங்கியது. என்ஜின் திணறியது.

"போச்சு. பம்ப் அவுட்டு. ஏமாத்திட்டான் படுபாவி. நா போயி அவன..."

"இருங்க. கடைல பத்து நிமிஷம் தாங்கிச்சு. நம்ம கண்ணால பார்த்தோம். இங்க தாங்கல. பம்ப் அதே பம்ப். அப்போ மாறினது எது?"

அவள் வண்டிக்கடியில் படுத்து பம்பின் முனைகளில் வோல்ட் அளந்தாள். பத்தரை. பேட்டரியில் பதின்மூன்றரை இருந்தது. கடையில் பம்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகச் சாப்பாடு போட்டார்கள்; இங்கே இருபது வருஷத்து நூல்போன்ற ஒயர் வழியாக, சாவிச் சுவிட்சைச் சுற்றி, வழியெல்லாம் சிந்திவிட்டு, மிச்சம்தான் வந்து சேர்ந்தது. பசியோடு சுற்றுகிற பம்ப் எப்படித் தள்ளும்?

பேட்டரியிலிருந்தே தடித்த ஒயர் ஒன்று இழுத்தார்கள். நடுவில் ரிலே என்கிற மின்சுவிட்ச் ஒன்று. சாவி அந்த ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், மின்சாரம் முழுவதையும் சாவிச் சுவிட்ச் சுமக்க வேண்டியதில்லை. மறுபடி விளக்கு, மறுபடி ஆக்ஸிலரேட்டர். முள் நாற்பத்துமூன்றில் ஆணி அடித்தது போல நின்றது.

சவுரிமுத்து இந்த முறை விசில் அடிக்கவில்லை. "இன்னும் எதாச்சும் டெஸ்ட் கீதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை" என்றாள்.

கல்குவாரியில் பத்து மணிக்கே பாறை சுட்டது. இருபது வண்டியும் வந்திருந்தன. ஜெயசீலியின் கணவன் ஜெபராஜ் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு நேராக அங்கே வந்து நின்றான், கையில் இன்னும் பாட்டுப் புத்தகம்.

"டேங்க் ஃபுல்லா?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன்.

"கால் டேங்க் சார்."

சவுரிமுத்து பதறினான். "ஃபுல் அடிச்சுக்கலாம்னு சொன்னேன்ல! கேக்க மாட்டேன்னுட்டாங்க சார்!"

"ஃபுல் டேங்க்ல பாஸ் பண்ணிட்டு, சாயங்காலம் கால் டேங்க்ல நின்னா? அப்போ யார ஏமாத்தினதா ஆகும்?" என்றாள் ஜெயசீலி.

ஸ்ரீரங்கன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, வண்டியின் கொக்கியில் ஒரு காப்புக் கயிற்றைத் தானே மாட்டினார். மறுமுனை மேலே பாறையில் கட்டியிருந்தது. "ஆரம்பிங்க மேடம்."

தாழ்ந்த கியரில் ஏறினாள். டிசம்பரில் நின்ற இடம் வந்தது. பிரேக்கை அழுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரை நடுவுக்குத் தள்ளினாள். முன்னால் வானம் மட்டும் தெரிந்தது. அதன் குறுக்கே மீட்டர்.

கீழே ஸ்ரீரங்கன் உரக்க எண்ணினார். பத்து. இருபது. என்ஜின் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. முப்பது. ஜெபராஜின் உதடுகள் அசைந்தன. ஜெபமா எண்ணிக்கையா என்று தெரியவில்லை.

எண்ணிக்கை நாற்பதைத் தொட்டபோது மீட்டர் முள் நடுங்கியது. நாற்பத்தொன்று பவுண்டு. நாற்பது. டேங்கில் பெட்ரோல் மூலைக்கு ஓடி, குழாய் வாயைவிட்டு ஒரு சாண் விலகியிருக்க வேண்டும். அவள் கால் தானாக ஆக்ஸிலரேட்டர் பக்கம் நகர்ந்தது. மிதித்தால் ஐட்லிங் இல்லை, டெஸ்ட் இல்லை. காலை இழுத்துக்கொண்டாள். இப்போது குடுவையில் இருக்கும் அரை லிட்டரை என்ஜின் சாப்பிடுகிறது. ஐட்லிங்கில் அதற்கு ஒரு நிமிடத்துக்கு ஒரு கரண்டிப் பெட்ரோல் போதும். கணக்கு சரி. கணக்கு சரி என்று முள்ளிடம் சொன்னாள்.

முள் மெல்ல ஏறி நாற்பத்துமூன்றுக்குத் திரும்பியது.

"ஐம்பத்தொன்பது... அறுபது! ஓகே மேடம்! பாஸ்! கயிறு இருக்கு, அப்படியே மெதுவா ரிவர்ஸ்ல இறங்குங்க!"

"எதுக்கு சார் இறங்கணும்?" என்று கத்தினாள் ஜெயசீலி.

கியரைப் போட்டாள். கைப்பிரேக்கை விட்டாள். நான்கு சக்கரமும் பாறையைப் பிறாண்டின. ஜீப் ஒரு தடவைகூட இருமாமல் மேலே ஊர்ந்தது. கடைசி மேட்டில் மூக்கு தாழ்ந்து, வானத்துக்குப் பதில் தரை தெரிந்தது. பிறகு தூரத்தில் ரயில் பாதை.

சவுரிமுத்து கல்லைப் பிடித்துப் பிடித்து மூச்சிரைக்க ஏறி வந்து, கொக்கியிலிருந்து கயிற்றைக் கழற்றினான். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாஸாயிட்ட இல்லக்கா. ஆஃப் பண்ணேன். வெயில்ல இன்னாத்துக்கு?"

"இந்தப் பக்கம் இறக்கம் இருக்கே சவுரி. ஏறி உக்காருங்க" என்றாள் ஜெயசீலி. "வழி சொல்லுங்க."